கிராமத்தில் சிறுதொழில் நடத்துபவர்கள் பிளஸ் ஒன் மாணவர்களைக் கோடை விடுமுறையில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா? எப்படி நடத்துவது?

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் எடுத்துக்கொள்ளவே வேண்டும்.

ஒட்டன்சத்திரம் பக்கம், கருகிய மோட்டாருக்குப் புதிதாகக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். சில வருஷங்களாக, கோடை விடுமுறையில் பக்கத்து அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் முடித்த பிள்ளைகள் இரண்டு பேரை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் உரக்கடைக்காரரும் லேத் பட்டறைக்காரரும் இப்போது அப்படியே செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது, பணம் கொடுக்க வேண்டுமா, சட்டச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீ வாங்கி வர, கடை கூட்ட, சாமான் எடுத்துக் கொடுக்க ஒரு பையன் வேண்டும் என்றால் அது எடுபிடி வேலை. அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதீர்கள். பயிற்சி கொடுக்கிறவர், செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் தொழில்களில் அந்தப் பழக்கமே கிடையாது. "பார்த்துக் கத்துக்கோ" என்று விட்டுவிடுவோம். பார்த்தே கற்றுக்கொள்ள நாலைந்து வருஷம் வேண்டும். இந்தப் பிள்ளைகள் நம்மிடம் இருக்கப்போவது ஒரு மாசம்தான்.

என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிடும். மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடேறிக் கருகும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவதால் வோல்டேஜும் குறையும். ஆகப் பட்டறையில் வேலை தலைக்கு மேல் கிடக்கும் நேரத்தில்தான் பள்ளியும் விடுமுறை விடுகிறது. கருகிய மோட்டாரைப் பிரித்ததும் நான் காயிலை உடனே வெட்டி எடுப்பதில்லை. முதலில் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வேன். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். மோட்டாருக்கு வரும் மூன்று கரண்ட் லைன்களைப் பேஸ் என்போம். அவற்றின் காயில்களை இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு முறை உண்டு. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது மட்டும் புதுசு போல இருந்தால், ஒரு பேஸ் போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டெல்டாவில் இது தலைகீழ். ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கும்.

ஏன் அப்படி? ஒரு பேஸ் போனதும் கருகிய அந்தக் காயில்களில் கரண்ட் கூடியிருக்கும். ஜூல் வெப்ப விதியை அவர்கள் பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறார்கள். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பரீட்சைக்கு எழுதிய அந்தச் சூத்திரம்தான் கையிலிருக்கும் கருகிய கம்பி என்று புரிந்துவிட்டால், அப்புறம் கேள்விகள் வர ஆரம்பிக்கும். ஸ்டார்ட்டரில் ரிலே எதற்கு, அதை விவசாயிகள் ஏன் பைபாஸ் செய்கிறார்கள், கப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டினால் என்ன ஆகும்? அந்தக் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்க முடியாதவர் பயிற்சிக்கு ஆள் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தொழில்நுட்பத்தோடு நின்றுவிடாதீர்கள், கணக்கையும் காட்டுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கடை தெரியும், கடை எப்படி ஓடுகிறது என்பது தெரியாது. ஒரு மோட்டாருக்குக் காயில் கட்ட எத்தனை கிலோ கம்பி, என்ன விலை, இன்சுலேஷன், புஷ், கூலி, வாடகை போக நமக்கு என்ன நிற்கும் என்பதை எழுதிக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியம் கடன் நோட்டு. "வெள்ளாமை எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி மோட்டாரை எடுத்துப் போனவரிடம் முருங்கை விலை விழுந்த மாசத்தில் பணம் கேட்க முடியாது. ஆனால் கம்பி வாங்கிய கடைக்கு நாம் தேதி தவறாமல் கட்டியாக வேண்டும். லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் ஒரு தொழில் எப்படித் திணறும் என்பதை வணிகவியல் படிக்கிற பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

போன கோடையில் வந்த வணிகவியல் பிரிவு மாணவி ஒருத்தி, வருகிற மோட்டார் எந்த ஊர், எந்த டிரான்ஸ்பார்மர், எதனால் கருகியது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். நான் சொல்லி எழுதியதில்லை, அவளாகவே கோடு போட்டு எழுதினாள். ஒரு பேஸ் போய்க் கருகியவற்றில் பெரும்பாலானவை ஒரே டிரான்ஸ்பார்மர் பக்கமிருந்து வந்தவை என்று அதில் தெரிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் டிரான்ஸ்பார்மரில் லோடு தாங்காமல் ஒரு பேஸ் போய்விடும். அந்தத் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினோம். மோட்டார் போடும் நேரத்தை அவர்களே முறை வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டரையும் சிலர் மாட்டினார்கள். இத்தனை வருஷம் தொழில் செய்தும் எனக்கு அப்படி எழுதி வைக்கத் தோன்றியதில்லை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் நமக்கும் இப்படி வரவு உண்டு.

சட்டத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தி, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் வளரிளம் பருவத்தினர் என்று அதற்குள் கொண்டுவந்தார்கள். 14 வயதுக்குக் கீழே இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களில் சேர்க்கக் கூடாது. சேர்க்கக்கூடிய கடையாக இருந்தாலும் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பிறகு 1 மணி நேர ஓய்வு தர வேண்டும், ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை கிடையாது, ஓவர்டைம் கிடையாது, வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. பயிற்சி என்று சொல்லிக்கொண்டாலும் இந்த அளவைத் தாண்டாதீர்கள். சட்டம் போக, பட்டறைக்கென்று நானே வைத்திருக்கும் விதிகளும் உண்டு. கரண்ட் உள்ள எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. கிணற்றடிக்கும் போர் மோட்டார் தூக்கும் இடத்துக்கும் கூட்டிப்போவதில்லை. வார்னிஷ் வேலை நடக்கும் பக்கம் அவர்களை விடுவதில்லை.

பணம் கட்டாயம் கொடுங்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் தனி. உதவித்தொகைக்காகப் பெரும்பாலான பிள்ளைகளிடம் பேங்க் கணக்கு இருக்கும், அதிலேயே போட்டுவிடுங்கள். அப்பா கையில் கொடுக்காதீர்கள். கிராமத்தில் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மாசம் ஒரு தொகை வீட்டுக்கு வர ஆரம்பித்தால், "இனி எதுக்குப் படிப்பு" என்ற பேச்சு எழும். அதனால் சேரும் அன்றே பெற்றோரை உட்கார வைத்து, மே கடைசி வாரத்தோடு முடிகிறது, ஜூனில் பள்ளிக்குப் போகிறாள் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பள்ளி திறந்த பிறகு சனி ஞாயிறு வரட்டுமா என்று கேட்பார்கள். எவ்வளவு வேலை குவிந்திருந்தாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பத் தயங்குவார்கள். தையல் கடை என்றால் மட்டும் சரி என்பார்கள். உரக்கடையில் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று படிப்பதையும், பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து விலை போடுவதையும் அவர்கள் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு ஒரு காரணமாக நிற்காது. இரண்டு பெண்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் கடைக்காரரின் வீட்டம்மாவோ வேலை பார்க்கும் அக்காவோ இருக்கிற நேரத்தில் மட்டும் வரச் சொல்லுங்கள். கழிப்பறை இல்லாத கடையென்றால் முதலில் அதைக் கட்டுங்கள்.

ஒரு மாசத்தில் யாரும் காயில் கட்டக் கற்றுவிட மாட்டார்கள். ஆனால் பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிப்பது என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பள்ளியிலேயே வழி சொல்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-லிருந்து பொறியியல் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. உரிய பாடம் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். வழிகள் இருக்கின்றன. இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் எப்படிப்பட்ட வேலை இருக்கிறது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தவர்கள்தான் அதைத் துணிந்து எடுக்கவோ, வேண்டாம் என்று ஒதுக்கவோ முடியும். என்னிடம் வந்த ஒரு பையன் இது தனக்கு ஒத்துவராது என்று சொல்லி, வேளாண்மை படிக்கப் போனான். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

நடத்துவது என்று முடிவு செய்துவிட்டால், பிளஸ் ஒன் தேர்வு முடிவதற்குள் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். எங்கள் மாவட்டத்தில் கோடை வந்தாலே நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளைப் பிடிக்கும் புரோக்கர்கள் ஊர் ஊராக வருவார்கள். வீட்டில் முன்பணம் வாங்கிவிட்டால் அந்தப் பெண்ணைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவருவது பெரும் பாடு. எந்தெந்த வீட்டில் அப்படிப்பட்ட நெருக்கடி இருக்கிறது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். முதல் இடத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.