நடுவில் வீடு எடுக்க வேண்டாம், அம்மிணி

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 31 வயது. கோவை பீளமேட்டில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. வீட்டுக்காரருக்குக் கேரள எல்லை தாண்டி, கஞ்சிக்கோட்டில் ஓர் உருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். கல்யாணம் ஆனதிலிருந்து கஞ்சிக்கோட்டிலேயே வாடகைக்கு இருக்கிறோம். நான் காலை 6.15-க்குக் கிளம்பி உக்கடம் வந்து, வேறு பஸ் மாறிப் போகிறேன். வீடு திரும்ப இரவு எட்டேகால் ஆகிவிடுகிறது. மகளுக்கு நாலு வயது, வரும் ஜூனில் எல்.கே.ஜி. இதுவரை பக்கத்து வீட்டுச் சேச்சிதான் பார்த்துக்கொண்டார்.

மாமனார் மாமியார் கொழிஞ்சாம்பாறையில் தோப்பு வைத்திருக்கிறார்கள். மாமா கே.ஜி. சாவடிப் பக்கம் ஒரு சைட் பார்த்திருக்கிறார். "ரெண்டு பேருக்கும் சமதூரம், வாங்கி வீடு கட்டிக்குங்க" என்கிறார். என் அம்மா குனியமுத்தூரில் இருக்கிறார், அங்கே வரச் சொல்கிறார். அங்கே போனால், புருசனைத் தாய்வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், தினமும் அவரை அத்தனை தூரம் வண்டி ஓட்ட வைக்கிறேன் என்று ஆகிவிடுமோ என்று உறுத்துகிறது. அவரைக் கேட்டால் "உனக்கு எது வசதியோ அது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

அம்மிணி, சாவடி வேண்டாம். குனியமுத்தூருக்குப் போங்கள், வாடகைக்கு. காரணத்தை இனிமேல் சொல்கிறேன்.

1993-ல் நானும் என் கணவரும் எட்டிமடையில் வீடு எடுத்தோம். எனக்கு டவுன்ஹால் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. அவருக்குப் பாலக்காட்டில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு. அவர் ஒரு மேப்பை விரித்து, ஸ்கேல் வைத்து அளந்து, ஏறக்குறைய நடுவில் வந்த ஊர் என்று அதைத் தேர்ந்தெடுத்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆறு வருடம் அங்கே இருந்தோம். அப்போது வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் வரிச் சோதனைக்காக லாரிகள் காத்துக் கிடப்பது ஒழிந்தது. அந்த வரிசையில் மாட்டினால் அவர் வீடு வந்து சேர ஒன்பது மணியாகும்.

மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளித் திண்ணையிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். பதினோரு மணிக்கு விழுந்தான். என் பள்ளிக்குப் போன் வந்து, நான் அனுமதி வாங்கி, இரண்டு பஸ் பிடித்து வந்து சேர ஒரு மணி. அவர் வந்தது இரண்டு மணிக்கு. எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த அம்மா கடையைப் போட்டது போட்டபடி விட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு போய், மாவுக்கட்டுப் போட்டு முடியும்வரை மடியில் வைத்திருந்திருக்கிறார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டவள். இருவருக்கும் சமதூரம் என்று நாங்கள் பார்த்த ஊரில், பிள்ளைக்கு இருவருமே தூரமாக இருந்தோம். மறு வருடம் வீட்டை மாற்றினோம்.

அதனால் யார் இதைக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பள்ளியிலிருந்து போன் வந்தால், கால் மணி நேரத்தில் போய் நிற்கக்கூடியவர் யார்? அவர் இருக்கும் ஊரில் வீடு எடுங்கள். உங்களுக்கு அது உங்கள் அம்மா. கே.ஜி. சாவடியில் அப்படி யாரும் இல்லை. கஞ்சிக்கோட்டில் சேச்சி இருக்கிறார், ஆனால் அங்கே நீங்கள் பதினான்கு மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கிறீர்கள்.

அடுத்து அந்த "சமதூரம்". கிலோமீட்டர் எல்லாம் ஒரே கிலோமீட்டர் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்கு ஐந்து மணிக்கு முன் கிளம்பினால் பாலக்காட்டு ரோடு காலியாக இருக்கும். குனியமுத்தூரிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு முப்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். அந்த நேரத்தில் அது பெரிய தூரம் இல்லை. நீங்களோ எட்டு மணிக்கும் ஆறு மணிக்கும், ஊரே ரோட்டில் இருக்கும் நேரத்தில் போய் வருகிறீர்கள். 2024-ல் உக்கடம் மேம்பாலம் திறந்த பிறகு ஆத்துப்பாலத்தில் நிற்கும் நேரம் குறைந்திருக்கிறது, சரி. ஆனால் நீங்கள் அதற்கப்புறமும் நகரத்தைக் குறுக்கே கடந்து பீளமேடு போக வேண்டுமே. சாவடியில் வீடு கட்டினால் அவருக்கு மிச்சமாவது காலியான ரோட்டில் கொஞ்ச நேரம். உங்களுக்குக் கூடுவது நெரிசலில் அதைவிட அதிக நேரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் இருவரில் பகலில் வீட்டில் இருக்கக் கிடைப்பவர் அவர்தான். காலை ஷிப்ட் வாரத்தில் மாலை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரலாம். மதியம் இரண்டு மணி ஷிப்ட் வாரத்தில் காலையில் கொண்டுபோய் விடலாம். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் தூங்கட்டும், அம்மா பார்த்துக்கொள்வார். பள்ளியும் வீடும் அம்மா வீடும் நடக்கிற தூரத்தில் இருந்தால் இது நடக்கும். புருசனை இழுத்துக்கொண்டு போகிறோம் என்று ஏன் நினைக்கிறீர்கள்? மகளோடு அவருக்குக் கிடைக்கும் நேரம் இதில் கூடுகிறது. அவரிடம் இதைச் சொல்லுங்கள். "எங்கே இருக்கலாம்?" என்று கேட்டால் அவர் மறுபடியும் அதே பதிலைத்தான் சொல்வார். "எந்த ஷிப்டுக்குப் போய் வருவது உங்களுக்குக் கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறப்பார்.

இரவு பத்து மணிக்கு முடியும் ஷிப்ட் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். கஞ்சிக்கோட்டுக்கும் மதுக்கரைக்கும் நடுவில் காடு, யானை கடக்கும் இடம். அந்தப் பாதையில் யானைக்காக ரயிலையே இரவில் வேகம் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கணவாய்க் காற்று டூவீலரைப் பக்கவாட்டில் தள்ளும். குனியமுத்தூரில் தூறல்கூட இல்லாத நாளில் வாளையாறு தாண்டியதும் கொட்டும். அந்த வாரம் அவர் தனியாக வண்டியில் வர வேண்டாம். கம்பெனி வேன் எதுவரை வருகிறது என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சுந்தராபுரம், போத்தனூர், குனியமுத்தூரிலிருந்து அதே ஆலைக்குப் போகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் போகலாம். அதுவும் அமையாவிட்டால் அந்த வாரத்தில் இரண்டு மூன்று இரவு கொழிஞ்சாம்பாறையில் தங்கட்டும். அங்கிருந்து ஆலை கிட்டம்தான். மாமியார் கையால் அவருக்குச் சூடாகச் சோறு கிடைக்கும், மாமாவுக்கும் மகனைத் தூரமாக அனுப்பிவிட்டோம் என்ற குறை இருக்காது.

சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் போகட்டுமே என்று யாராவது சொல்வார்கள். சீசன் மலிவுதான், 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். மூன்று மாதத்துக்கு எடுத்தால் ஒரு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான். ஆனால் கஞ்சிக்கோட்டில் நிற்கும் வண்டிகள் குறைவு, அவை ஷிப்ட் நேரத்துக்கு ஒத்தும் வராது. வண்டி போய்விட்டது என்றால் அரை நாள் சம்பளம் போகும்.

சைட் விஷயம். மாமா ஆசையாகப் பார்த்திருக்கிறார், அதை ஒரேயடியாகத் தட்ட வேண்டாம். வாங்குவது வேறு, அங்கே குடியிருப்பது வேறு. வாங்குவதானால் மனைப் பிரிவுக்கு டி.டி.சி.பி. என்கிற நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மலையடிவாரக் கிராமங்கள் சிலவற்றுக்கு ஹாகா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் வேண்டும்; அந்தச் சர்வே எண் அதற்குள் வருகிறதா என்று விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தண்ணீர் குழாயிலா, போர்வெல்லிலா என்பதை ஏப்ரல் மாதத்தில் போய்ப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். இந்தப் பேச்சை மாமாவிடம் நீங்கள் எடுக்க வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் எடுக்கட்டும்.

ஒரு வார்த்தை உங்கள் அம்மாவைப் பற்றியும். அம்மா வீட்டிலேயே போய்க் குடியேறாதீர்கள். அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ தனி வீடு எடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு மாமியார் வீட்டில் ஒண்டியிருக்கிறோம் என்ற எண்ணம் வரக்கூடாது. அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடிய வேண்டும். பேத்தியைப் பார்த்துக்கொள்வது அவருக்குச் சந்தோஷம்தான், என்றாலும் அது வேலைதான். வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு முழு ஓய்வு கொடுங்கள்.

பள்ளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்பில் தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிள்ளை எந்த மாநிலத்தில் படித்தாள் என்று பார்ப்பார்கள். மருத்துவத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். எனவே மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது எந்தப் பக்கம் இருப்பது என்று மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை 11 மாத வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

வரும் மே மாதம் இரண்டு வாரம் மகளோடு அம்மா வீட்டில் தங்கிப் பாருங்கள். இருவரும் வீட்டுக் கதவைப் பூட்டிய நேரத்தையும், வேலையில் கார்டு வைத்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலையைத் தனியாகக் குறியுங்கள், அன்றுதான் ரோடு மோசம். அப்புறம், நாலு வருடம் உங்கள் மகளை வளர்த்த அந்தச் சேச்சி. ஓணத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், வருடம் தவறாமல்.

கேள்வி:

எனக்கு ஆந்திர எல்லைப் பக்கம் ஸ்ரீசிட்டியில் வேலை, மனைவிக்கு எண்ணூரில். இருவருக்கும் பகல் வேலைதான், குழந்தை இல்லை. நடுவில் கும்மிடிப்பூண்டியில் வீடு பார்க்கிறோம். நண்பர்கள் சென்னைக்குள்ளேயே இருங்கள் என்கிறார்கள். - ஒரு வாசகர், தடா

பதில்:

தம்பி, உங்களுக்கு நடுவில் இருப்பதே சரி. மேலே அந்த அம்மிணிக்குச் சொன்னதற்கு இது நேர்மாறாகத் தெரியும். உங்களுக்கு அவசரத்தில் ஓட வேண்டிய பிள்ளை இல்லை, இருவருக்கும் ஒரே ரயில் பாதை இருக்கிறது. என் நாத்தனார் மகளும் மருமகனும் பொன்னேரியில் இப்படித்தான் எட்டு வருடமாக இருக்கிறார்கள். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை புறநகர் ரயில் உண்டு, சில வண்டிகள் சூலூர்பேட்டை வரை போகும். ஊரைப் பார்க்காதீர்கள், ஸ்டேஷனைப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடக்கிற தூரத்துக்குள் வீடு எடுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே வண்டிகள் குறைவு என்பதால், தடாவில் இறங்கி வேலைக்குப் போக உங்களுக்கு வண்டியோ கம்பெனி பஸ்ஸோ கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், மனைவியை இரவு ஏழரை மணிக்கு அந்த ஸ்டேஷனில் இறங்கி வீடுவரை ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். அவர் வேண்டாம் என்றால் வேறு தெரு பாருங்கள்.