புதைந்த வளைவும் நான்காம் வரியும்

அன்புள்ள ஐயா,

கட்டடக்கலை மாணவன் நான். ரோம் நகரின் செப்டிமியஸ் செவேரஸ் வெற்றி வளைவை இரண்டு பழைய அச்சுப் படங்களில் பார்த்தேன். 1540இல் இத்தாலியக் கட்டடக்கலைஞர் செர்லியோ வெளியிட்ட மரச்செதுக்குப் படத்தில் அது முழுமையாக நிற்கிறது. 1575இல் பிரெஞ்சு ஓவியர் துபெராக் வெளியிட்ட செப்புத்தகட்டுப் படத்திலோ தூண்கள் குட்டையாகி மண்ணோடு கிடக்கின்றன. துபெராக்குக்கு அளவு தெரியாதா? எதை நம்புவது? எந்தத் தாளில் அச்சிட்டார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

அளவு தெரியாதவர் என்று எழுதுமுன் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். தூண்களின் அடிப்பகுதி அன்று மண்ணுக்குள் இருந்தது. வண்டலும் இடிபாடும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து மேடிட்டுப்போன, வளைவு நிற்கும் அந்தப் பழைய ரோமானியப் பொதுமன்றத்தை மக்கள் மாட்டுத் திடல் என்றே அழைத்தார்கள்; வளைவின் அடிவரை தோண்டியது 1803 வாக்கில்தான். செர்லியோ கட்டடம் கட்டுவோருக்காக முழு முகப்பையும் அளவோடு தந்தார், அதில் குறையில்லை. தாளைப் பற்றிய கேள்வி இப்போது வேண்டாம்.

எனக்கு அந்த வளைவு என்றாலே கேத்தாவின் நினைவுதான். கிழக்கே ஈரானை ஆண்ட பார்த்தியரை வென்றதற்காக 203இல் ரோமப் பேரரசர் செவேரஸுக்கும் அவருடைய மைந்தர்கள் கராகல்லா, கேத்தா இருவருக்கும் எடுத்த வளைவு அது. 211இல் தந்தை இறந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அண்ணன் கராகல்லா தம்பி கேத்தாவைக் கொல்வித்தான். தாயின் அணைப்பிலேயே அவன் உயிர் போயிற்று என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. பிறகு உச்சிக் கல்வெட்டின் நான்காம் வரியிலிருந்த கேத்தாவின் பெயரைச் செதுக்கி நீக்கிவிட்டு, ‘மிகச் சிறந்தவர்களும் மாவீரர்களுமான தலைவர்களுக்கு’ என்னும் வெற்றுப் புகழ்ச்சியால் அந்த இடத்தை நிரப்பினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை தொலைநோக்கியுடன் அந்த வளைவின் எதிரே நின்றேன். எழுத்துகளில் பதித்திருந்த வெண்கலம் என்றோ போய்விட்டது; அதைப் பிடித்திருந்த ஆணித்துளைகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. நான்காம் வரியில் இப்போதுள்ள எழுத்துகளோடு பொருந்தாத துளைகளும் உண்டு. அவை கேத்தாவின் பெயரைத் தாங்கியவை. ஏறக்குறைய 21 மீட்டர் உயரமுள்ள வளைவின் உச்சியில் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி, வெளிச்சம் மங்கும்வரை கழுத்து வலிக்க நின்றேன்.

துபெராக் காலத்தவர்களுக்கு அந்த வலி இல்லை, தம்பி. நீங்கள் அலுத்துக்கொள்ளும் அதே மண், அவர்களை அந்த வரியின் அருகே தூக்கி நிறுத்தியிருந்தது. எங்கே நின்று பார்த்தார்கள் என்பதைச் சொல்லும் படத்தைப் பிழை என்று தள்ளுவீர்களானால், கல்லூரியில் நீங்கள் கற்கும் அளவுகளால் என்ன பயன்? இரண்டு படங்களிலும் தரையிலிருந்து கல்வெட்டு வரை அளவுகோலை வைத்துப் பாருங்கள். வளைவின் அகலத்தோடு அதை ஒப்பிட்டு, கிடைத்த கணக்கை எனக்கு எழுதுங்கள்.