தூக்கமும் அல்சைமரும்: வாசகர் கேள்விகள்

கே: வேலைக்காக ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழித்தேன். அல்சைமர் வந்துவிடுமா?

ப: வராது. ஒரே இரவு விழித்ததில் மூளையில் அமிலாய்டு (அல்சைமரில் படியும் புரதம்) சுமார் 5 சதவீதம் ஏறியதை 2018இல் 20 பேரிடம் எடுத்த ஸ்கேன் காட்டியது உண்மைதான். ஆனால் நோய்க்கான படிவு சேர 15, 20 வருடம் ஆகும். இன்றைக்குத் தூங்குங்கள்.

கே: எனக்கு 52. ஐந்து மணி நேரத் தூக்கமே போதுமாக இருக்கிறது. சரிதானே?

ப: சரியில்லை. பிரிட்டனில் சுமார் 8,000 அரசு ஊழியர்களை 25 வருடம் கவனித்தார்கள். நடுவயதிலிருந்தே 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கிவந்தவர்களுக்கு மறதிநோய் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். இது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபணமாகவில்லை. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய்க்குப் பட்டியலிட்ட 14 காரணிகளில் தூக்கம் இல்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் காது கேளாமையும் இருக்கின்றன. தூக்கத்தைக் கவனிக்கிறேன் என்று அவற்றை விட்டுவிடாதீர்கள்.

கே: தூங்கும்போது மூளை கழுவப்படுகிறது என்கிறார்களே?

ப: 2013இல் எலிகளில் பார்த்தது. 2024இல் இன்னொரு குழு, அதுவும் எலிகளில்தான், தூக்கத்தில் கழிவு வெளியேறுவது குறைகிறது என்றது. வழக்கு முடியவில்லை. உறுதியாகத் தெரிவது வேறு: விழித்திருக்கும்போது நரம்பணுக்கள் மும்முரமாக இயங்குவதால் அமிலாய்டும் டாவ் என்ற இன்னொரு புரதமும் அதிகம் வெளியாகின்றன. மூளையைச் சுத்தம் செய்யும் பானம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கே: அப்பாவுக்கு 74. அல்சைமர் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. பகலெல்லாம் தூங்கி வழிகிறார், எழுப்பினால் எரிந்து விழுகிறார். இந்தச் சோம்பேறித்தனத்தை எப்படித் திருத்துவது?

ப: அவரிடம் திருத்த ஒன்றுமில்லை. நோயாளியைச் சோம்பேறி என்று திட்டும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்னை வருத்துகிறது.

நம்மை விழிப்பாக வைத்திருப்பதற்கென்றே நரம்பணுக் கூட்டங்கள் உண்டு. மூளைத் தண்டில் லோகஸ் செருலியஸ், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் பக்கவாட்டில் ஒரெக்சின் அணுக்கள், அதன் பின்பகுதியில் ஹிஸ்டமின் அணுக்கள். அல்சைமரால் இறந்தவர்களின் மூளையைச் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து 2019இல் வெளியிட்டது: இந்த அணுக்களில் 75 சதவீதம்வரை அழிந்திருந்தன. அங்கே குவிந்திருந்தது டாவ். லோகஸ் செருலியஸில் டாவ் சேர்வதோ மறதி வெளியே தெரிவதற்குப் பல பத்தாண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. அதாவது உங்கள் அப்பா ராத்திரித் தூக்கத்தை ஈடுகட்டத்தான் பகலில் தூங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். அவரை விழிக்கவைக்கும் பகுதியே சிதைந்திருக்கலாம். கால் முறிந்தவரை ஏன் நடக்கவில்லை என்று யாரும் அதட்டுவதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் நோயின் தலையில் போட்டுவிடவும் கூடாது. சாப்பிடும் மாத்திரைகள், மனச்சோர்வு, தைராய்டு, குறட்டை எல்லாவற்றையும் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். இரண்டொரு நாளில் திடீரென்று தூக்கம் கூடினால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், அன்றைக்கே கூட்டிப்போங்கள். மற்றபடி காலை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள், பேசிக்கொண்டே நடக்கவிடுங்கள், மதியத் தூக்கம் அரை மணியோடு நிற்கட்டும். எழுப்பும்போது தோளைத் தொட்டுப் பெயர் சொல்லி எழுப்புங்கள். உலுக்கினால் யாருக்கும் கோபம் வரும்.

கே: அம்மாவுக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை. நல்ல மாத்திரையாக ஒன்று சொல்லுங்கள்.

ப: வயது என்ன? வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? மறதிநோய் இருக்கிறதா? ஒன்றுமே எழுதாமல் மாத்திரைப் பெயர் கேட்டால் நான் எப்படிச் சொல்வது? தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள், வெகுநாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். சளிக்குக் கொடுக்கும் தூக்கம் வரும் மாத்திரைகளில் பல, நரம்பணுக்கள் செய்தி கடத்த உதவும் அசெட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுப்பவை. அல்சைமரில் ஏற்கெனவே குறைந்துபோனது அதுதான். குழப்பம் கூடும், விழுந்து இடுப்பு முறியும். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையை ராத்திரியில் சாப்பிடுகிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்கு அதனாலேயே தூக்கம் கெடும், கனவுகள் துரத்தும்.

கே: கணவர் தூக்கத்தில் கத்துகிறார், காலால் உதைக்கிறார். அல்சைமரா?

ப: பெரும்பாலும் இல்லை. கனவுக்கேற்ப உடல் அசைவது பார்க்கின்சன், லூயி பாடி (இன்னொரு வகை மறதிநோய்) நோய்களுக்கு முன்னோடியாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நிற்கிறது. இதற்கும் மறதிக்கும் சம்பந்தம் உண்டா?

ப: உண்டு. தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கே: சுவொரெக்சன்ட் என்ற தூக்க மாத்திரை சாப்பிட்டால் அல்சைமரைத் தடுக்கலாமாமே?

ப: 2023இல் 38 பேருக்கு இரண்டே இரவு கொடுத்துப் பார்த்தார்கள். தண்டுவட நீரில் அமிலாய்டு 10 முதல் 20 சதவீதம்வரை குறைந்தது. நோயைத் தடுக்கும் என்பதற்கு இது சான்றாகாது. மறுபடியும் சொல்கிறேன்: எந்தத் தூக்க மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.