வாசகர் கேள்வி: இங்கிலீஷ் வார்த்தை ஏன் மனசுல தங்க மாட்டேங்குது?

கேள்வி (மன்னார்குடி வாசகர்): பேங்க் எக்ஸாமுக்கு படிக்கிறேன் சார். தினம் பத்து வார்த்தை நோட்டுல எழுதி மனப்பாடம் பண்றேன், ஒரு வாரத்துல பாதி மறந்துடுது. என்ன பண்ணலாம்?

பதில்: மறக்கத்தான் செய்யும் தம்பி, வார்த்தையையும் அர்த்தத்தையும் மட்டும் எழுதி வெச்சா அத எங்க போடறதுன்னு தெரியாதுல்ல. நீங்க எப்படியும் படிக்கற இங்கிலீஷ்லேர்ந்து ஆரம்பிங்க. சம்பா நட்டுட்டு ஐப்பசி கார்த்திகைல வானத்தையும் செல்லையும் மாத்தி மாத்தி பாக்கறோமே, அந்த வானிலை அறிக்கை. அதுல 'ஐசோலேட்டட்'னு போட்டிருந்தா அந்த ஏரியாவுல மழை அளக்கற ஸ்டேஷன்கள்ல 25 சதவீதம் ஸ்டேஷன் வரைக்கும்தான் மழைன்னு கணக்கு, 'ஸ்கேட்டர்ட்'னா 26லேர்ந்து 50, 'ஃபேர்லி வைட்ஸ்பிரெட்'னா 75 வரைக்கும், அதுக்கு மேல போனா 'வைட்ஸ்பிரெட்'. 'ஹெவி'ங்கறதும் சும்மா வாய்க்கு வந்தது இல்ல, 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டர் பெய்யணும், 204.4ஐ தாண்டினாத்தான் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப 'சிவியர்'னா என்னன்னு வேதாரண்யத்துல யாரும் டிக்‌ஷனரிய பொரட்டல.

அதே 'சிவியர்'தான் உங்க கொஸ்டின் பேப்பர்ல 'சிவியர் ஷார்ட்டேஜ்', 'சிவியர் பெயின்'னு வந்து நிக்கும். அதனால வார்த்தைய தனியா எழுதாம அது யார் கூட சேர்ந்து வருதோ அவங்களோட எழுதுங்க. மழைன்னா 'ஹெவி', காத்துன்னா 'ஸ்ட்ராங்', டீயும் 'ஸ்ட்ராங்'தான். மாத்திப் போட்டா அர்த்தம் புரியும், ஆனா காதுல இடிக்கும். எக்ஸாம்ல ஃபில் இன் த பிளாங்க்ஸ்ல கவுக்கறதே பெரும்பாலும் இந்த ஜோடிதான். எழுதினத மறுநாள் ஒரு தடவ, மூணு நாள் கழிச்சு ஒரு தடவ, அடுத்த வாரம் ஒரு தடவ, அர்த்தத்த கையால மறைச்சுக்கிட்டு சொல்லிப் பாருங்க, போதும்.

கேள்வி (பாபநாசம் வாசகி): இங்கிலீஷ் பேப்பர் படிக்க ஆசை. டிக்‌ஷனரிய திறந்தா விளக்கமே புரியலைங்க.

பதில்: தப்பு உங்க மேல இல்லம்மா, டிக்‌ஷனரி மேலதான். கத்துக்கறவங்களுக்குன்னே தனியா 'லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' இருக்கு, அத வாங்குங்க. லாங்மன் 1978லயே சுமார் 2000 சுலபமான வார்த்தைய வெச்சே எல்லா விளக்கத்தையும் எழுதினாங்க. ஆனா படிக்கறப்ப ஒவ்வொரு வார்த்தைக்கும் அத திறக்காதீங்க, எரிச்சல்தான் வரும், திரும்பத் திரும்ப எதிர்ல வர்றத மட்டும் பாருங்க. பேப்பர்ல அரசியல் பக்கத்த விட்டுட்டு சமையல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சாலும் ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. அடுப்பு திருகுல 'சிம்'னு இருக்கே, அது 'சிம்மர்'தான். கொதிக்கவும் விடாம ஆறவும் விடாம சாம்பார் ஓரத்துல மட்டும் முட்டை முட்டையா வருமே, அந்த நிலைமைக்குப் பேரு. செய்முறை கைல இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி வார்த்தை சட்டுனு ஒட்டிக்கும்.

கேள்வி (வலங்கைமான் வாசகர்): வாய்ல நுழையாத வார்த்தையா போட்டாத்தானே சார் மதிப்பு?

பதில்: 1869ல உங்க ஊர்ல பொறந்த சீனிவாச சாஸ்திரியாருக்கு இங்கிலீஷ் பேச்சுல 'வெள்ளி நாக்கு'ன்னு பேரு, ஸ்கூல் வாத்தியாரா இருந்த மனுஷன். எந்த எடத்துல எந்த வார்த்தை, அத எப்படி உச்சரிக்கணும்னு பாத்துப் பாத்து பேசி வாங்கின பேரு அது. நுழையாத வார்த்தைக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகைல 'ஆஸ்பிஷியஸ்' ஒண்ணே போதும் சார்.