வேட்டைக் காலம் முடிந்த பிறகும் மான் தடம் தேடுவது ஏன்?

கனடாவில் இருக்கும் உங்கள் சித்தப்பா வேட்டைப் பருவம் முடிந்தும் ஏன் காட்டுக்குப் போகிறார் என்று கேட்டிருந்தீர்கள். மான் எங்கே படுக்கிறது, எந்த வழியால் மேயப் போகிறது என்று படிக்கத்தான். அப்போது மானைக் கலைத்துவிட்டாலும் பெரிய நட்டமில்லை. பனியில் குளம்புத் தடம் தெளிவாக விழும். அங்குள்ள வெள்ளைவால் ஆண் மான்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் கொம்பை உதிர்க்கும். உதிர்ந்த கொம்பு கையில் கிடைத்தால், அந்த மான் வேட்டைக்குத் தப்பிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அப்புறம் வசந்தத்தில் மான் மேய்வதற்குக் குளோவர் என்ற தீவனச் செடியை விதைப்பார்கள், கோடையில் மான் நடமாட்டத்தைப் பதிவு செய்ய மரத்தில் கேமரா கட்டுவார்கள்.

இந்த அடையாளங்களை நேரில் பார்க்க நம் திருகோணமலைக் கோட்டையே போதும். கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் நிற்கும். இவற்றுக்குக் கொம்பு உதிர ஒரே பருவம் கிடையாது. அதனால் ஒன்று மொட்டைத் தலையோடும், பக்கத்தில் இன்னொன்று மென்மயிர்த் தோல் மூடிய இளங்கொம்போடும் மேயும். அந்தத் தோல் காய்ந்ததும் மரத்தில் உரசும். பட்டை தேய்ந்த அடிமரங்களைத் தேடிப் பாருங்கள். சாப்பாடு மட்டும் நீட்டாதீர்கள், பொலித்தீனையும் சேர்த்தே விழுங்கிவிடும். இலங்கையில் மான் வேட்டை சட்டப்படி குற்றம், ஆகவே இங்கே தடம் பார்ப்பது பார்ப்பதற்காக மட்டுமே.