சேலையில் ஒன்ராறியோ விருதுச் சின்னத்தை எங்கே குத்துவது?

உங்கள் அம்மாவுக்கு ஓடர் ஒவ் ஒன்ராறியோ விருது கிடைத்ததற்கு முதலில் மனமார்ந்த வாழ்த்துகள். 1986இல் தொடங்கியதிலிருந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் தன் மக்களுக்குத் தரும் மிக உயர்ந்த கௌரவம் அது.

பெண்கள் சின்னத்தை இடது பக்கம் வில் முடிச்சு ரிப்பனில் அணிவது வழக்கம். ஆனால் சேலைத் தலைப்பும் அங்கேதான் விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பிளவுஸில் குத்தினால் தலைப்பு மூடிவிடும். ஆகவே தலைப்பின் மேல்தான் குத்தவேண்டும். தலைப்பை விரித்து விடாமல் ஒடுக்கமாக மடித்துத் தோளில் பிளவுஸோடு சேர்த்து சேப்டி பின் கொண்டு இறுக்கிவிடுங்கள். தோளுக்குச் சற்றுக் கீழே, மடிப்புகளின் உள்பக்கம் தடித்த துணித்துண்டு ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் பதக்கத்தின் பாரம் பட்டுத் துணியை இழுத்துக் கிழித்துவிடும், காஞ்சிபுரம் என்றால் இன்னும் கவனம்.

சின்னம் வெள்ளை எனாமலில் செய்த, மாகாண மலரான டிரில்லியம் பூ. நடுவில் மாகாணக் கேடயம், அதன்மேல் கிரீடம். ரிப்பனில் சிவப்பு, வெள்ளை, பச்சை, பொன் நிறக் கோடுகள். அகலக் கரையில்லாத ஒற்றை நிறச் சேலை என்றால் அந்தப் பூ எடுப்பாகத் தெரியும். அட்டியல், பதக்கச் சங்கிலி எல்லாம் அன்று வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

துணைநிலை ஆளுநர் அலுவலகத்து நெறிமுறை அதிகாரிகளிடம் அம்மா சேலையில்தான் வருவார் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விருதோடு தரும், உடையில் குத்தும் சிறிய பின் மற்ற நாட்களுக்கு. பெரிய சின்னத்தோடு சேர்த்து அதை அணிவதில்லை.