செருப்பைச் செருப்பாக விடாதவர்

வணக்கம் சார்,

உங்கள் எழுத்தில் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கியின் பெயர் அடிக்கடி வருகிறது. ஆர்னோல்ஃபினி ஓவியம் பற்றி அவர் சொன்னது தவறு என்று படித்தேன். பிறகும் அவர் எதற்கு? கண்ணால் பார்த்து ரசித்தால் போதாதா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

தவறுதான். யான் வான் ஐக் 1434-இல் வரைந்த படம் அது. கைபிடித்து நிற்கும் ஆணும் பெண்ணும், பட்டப்பகலில் எரியும் ஒற்றை மெழுகுவத்தி, கழற்றிப்போட்ட மரச்செருப்பு, நாய். சுவரில் 'யான் வான் ஐக் இங்கே இருந்தார்' என்று லத்தீன் எழுத்து. திருமணத்துக்கு ஓவியர் போட்ட சாட்சிக் கையெழுத்து இது என்றார் பனோஃப்ஸ்கி, 1934-இல். மெழுகுவத்தி எல்லாம் காணும் கடவுள், நாய் விசுவாசம். 1997-இல் வெளியான ஆவணமோ, படத்திலிருப்பவர் என்று அவர் நினைத்த ஆர்னோல்ஃபினி என்ற வணிகருக்கு 1447-இல்தான் கல்யாணம் என்றது. வான் ஐக் இறந்தே ஆறு வருஷம் ஆகியிருந்தது! படத்திலிருப்பவர் அதே பெயர்கொண்ட பங்காளி என்கிறார்கள் இப்போது.

எனக்கும் அவரிடம் குறை உண்டு. செருப்பைச் செருப்பாக விட மனசு வராதவர். ஆனால் அவரை மறுத்தவர்களும் அந்த மெழுகுவத்திக்கு ஒரு பதில் சொல்லாமல் நகர முடியவில்லை.

கண் போதுமா என்பதற்கு அவரே ஓர் உதாரணம் சொல்வார். தெருவில் தெரிந்தவர் ஒருவர் தொப்பியைத் தூக்குகிறார். கண்ணுக்குத் தெரிவது தொப்பி அசைவது மட்டும். அது வணக்கம் என்று அந்த ஊர் வழக்கம் தெரிந்தவனுக்கே புரியும். 'சண்டைக்கு வரவில்லை' என்று காட்ட இடைக்கால வீரர்கள் தலைக்கவசம் கழற்றியதன் மிச்சம் அது என்பது இன்னும் ஓர் அடி கீழே. (தோள்துண்டு இடுப்புக்கு இறங்கிய கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டாம்.)

இப்படி எளிமையாகச் சொல்ல அவர் பழகியது பாதி வாழ்க்கைக்குப் பிறகு. ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் பேராசிரியர்; யூதர் என்பதால் 1933-இல் வேலை போனது. அப்போது நியூயார்க்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நீக்கச் செய்தி வந்த தந்தியை ஒட்டிய பட்டையில் ஈஸ்டர் வாழ்த்து அச்சிட்டிருந்ததாம். 1935 முதல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வேலை. ஜெர்மனில் வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், ஆங்கிலத்தில் அது நடக்காது என்ற பொருளில் பிற்பாடு எழுதினார். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பேச நேர்ந்ததில் கூச்சப்படவில்லை, லாபம் என்றே எடுத்துக்கொண்டார்.

லண்டன் நேஷனல் கேலரியின் தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்சுவரில் குவியாடி (வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி) ஒன்று தொங்கும். அதன் சட்டத்தைச் சுற்றிப் பத்துக் குட்டி வட்டங்கள், ஒவ்வொன்றிலும் கிறிஸ்துவின் பாடுகளில் ஒரு காட்சி. ஆடிக்குள் வாசலில் இன்னும் இருவர் நிற்கிறார்கள். யார் என்று நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்.